பழைய காரில் முந்தைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்: அப்படியே ஓட்டலாமா?

ஏற்காட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள். முன்கண்ணாடியில் விற்றவரின் ஃபாஸ்டேக், அதாவது சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தானாகக் கட்ட உதவும் சீட்டு, ஒட்டியபடியே இருக்கிறது. அதிலேயே ரீசார்ஜ் செய்து ஓட்டலாமா என்பது முதல் கேள்வி. புதிதாக வாங்கினால் அதை ஒட்டாமல் பெட்டியில் வைத்திருந்து சாவடியில் எடுத்துக் காட்டினால் போதாதா என்பது இரண்டாவது. வருடத்துக்கு நான்கைந்து முறைதான் வெளியூர் போகிறேன், ஆண்டு பாஸ் எடுப்பது லாபமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது: அந்தச் சிறிய சீட்டு யாருடையது? மனிதருடையதா, காருடையதா, வங்கியுடையதா? இது விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மின்னணுவியல் டிப்ளமோ படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலத்தில் கார் மின்வேலை பார்க்கிறேன். புதிய நான்கு சக்கர வாகனங்கள் ஃபாஸ்டேக் பொருத்தப்பட்டே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதி 2017 டிசம்பர் 1 முதல் வந்தது. பழைய வண்டிகளும் தப்ப முடியாது என்ற நிலை 2021 பிப்ரவரி நடுவில் வந்தது. அந்த இரண்டாவது தேதியை ஒட்டிய வாரங்களில் என் கடை வாசலில் நின்ற வரிசையை இன்னும் மறக்கவில்லை. ஒட்டுவது, படிக்காமல் போவதற்குக் காரணம் தேடுவது, கண்ணாடி மாற்றினால் மறுபடி ஒட்டுவது எல்லாம் என் கைவேலை. அவற்றை உறுதியாகச் சொல்வேன். வங்கிக்குள் நடப்பதை வாடிக்கையாளர்களுடன் உட்கார்ந்து பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அந்தச் சீட்டுக்குள் பணம் இல்லை. பேட்டரியும் இல்லை. மயிரிழை போன்ற உலோகக் கோடுகளால் ஆன ஓர் ஆன்டெனாவும், அதன் நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு மின்னணுச் சில்லும் (சிப்) தான் இருக்கின்றன. சாவடித் தடத்தின் மேலே தொங்கும் கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலையைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சக்தியை உறிஞ்சிக்கொண்டு சில்லு விழித்து, தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண் சாவடியின் கணினிக்கும், அங்கிருந்து சாவடி நடத்துபவரின் வங்கிக்கும், தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மையக் கணினி வழியாகச் சீட்டு வழங்கிய வங்கிக்கும் போகிறது. பணம் இருப்பதும் கழிவதும் அந்தக் கடைசி இடத்தில்தான். ஆக, சீட்டு என்பது பணப்பை அல்ல. ஒரு வண்டி எண்ணையும் ஒரு வங்கிக் கணக்கையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் அடையாளம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த முடிச்சின் ஒரு முனை உங்கள் காரில் இருக்கிறது. மறுமுனை விற்றவரின் ஆதாரிலும் கைபேசியிலும் இருக்கிறது. நீங்கள் அதில் பணம் போட்டால் அது அவர் கணக்கில் சேரும். குறுஞ்செய்தி அவருக்குப் போகும். நீங்கள் எந்த நேரத்தில் எந்தச் சாவடியைக் கடந்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் பழைய சீட்டில் ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு ஈரோட்டுக்குப் புறப்பட்டார். அதே வாரத்தில் விற்றவர், வண்டிதான் கைமாறிவிட்டதே என்று முறைப்படி தன் வங்கியில் சீட்டை மூடியிருக்கிறார். மீதிப் பணம் அவர் கணக்குக்குத் திரும்பிவிட்டது. இவர் சாவடியில் நின்றபோது சீட்டு செல்லாது என்று காட்டியது. விற்றவர் நல்ல மனிதர், கேட்டதும் அனுப்பிவிட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பிப் பயணம் கிளம்ப முடியாது. அதனால் பதில் தெளிவானது: ஓட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறட்டும். விற்றவரிடம் சொல்லி, அவருடைய வங்கியில் பழைய சீட்டை மூடச் செய்யுங்கள்; இருப்பும் காப்புத்தொகையும் அவருக்கே திரும்பும் என்பதால் அவருக்கும் அது லாபமே. ஒரு வண்டிக்கு ஒரு சீட்டு என்பது இப்போதைய விதி. பழையது உயிரோடு இருக்கும்போது புதிது வாங்க முயன்றால் ஏதாவது ஓரிடத்தில் சிக்கும். அது மூடப்பட்ட பின், ஆர்.சி., ஆதார், பான் அட்டை ஆகியவற்றோடு வண்டியின் முன்பக்கப் படத்தையும் தந்து, உங்களுக்கு எளிதாகப் போய் வரக்கூடிய எந்த வங்கியிலும் புதிது வாங்கலாம். எந்த வங்கி சிறந்தது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: குறை வந்தால் நேரில் போய்க் கேட்கக் கிளை இருக்கும் வங்கி. சேலத்தில் இறங்கி நான்கு நிமிடத்தில் கேட்க முடிந்த ஒன்றை, தொலைபேசியில் நான்கு வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காருக்கான சீட்டு ஊதா நிறத்தில் இருக்கும், அதன் வகை எண் 4. கையில் வாங்கியதும் நிறத்தையும், வங்கியின் செயலியில் பதிவாகியிருக்கும் வண்டி எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒற்றை எழுத்து மாறியதால் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இரண்டாவது கேள்வியில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவை ஒட்டிய விதத்திலிருந்து வருபவை. கையில் வைத்துக் காட்டுவது கூடாது. அப்படிக் காட்டப்படும் சீட்டுகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. விதியை விடுங்கள், இயல்பிலேயே அது சரியாக வேலை செய்யாது. சீட்டின் ஆன்டெனா, கண்ணாடியில் ஒட்டிய நிலையில், சாய்வான கோணத்தில் படிக்கப்படுவதற்காக வடிவமைக்கப்பட்டது. விரல்கள் அதன் மேல் படும்போது உடம்பின் ஈரம் அலையை விழுங்கிவிடும். கதவுப் பக்கமாகக் கையை நீட்டினால், அடுத்த தடத்துக் கருவியும் சேர்த்துப் படிக்க வாய்ப்புண்டு.

ஒட்டும் இடம், முன்கண்ணாடியின் உட்புறம், நடுவில், பின்நோக்கு ஆடிக்குப் பின்னால். ஓட்டுநரின் பார்வையை மறைக்காது, மேலே தொங்கும் கருவிக்கு நேர்க்கோட்டிலும் இருக்கும். ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஒரு பட்டை இருக்கும் பாருங்கள், அதன் மேல் ஒட்டக் கூடாது. அங்கே பசை முழுதாகப் பிடிக்காது. கூரையின் உலோக விளிம்பிலிருந்தும் ஆடியின் அடித்தகட்டிலிருந்தும் மூன்று விரற்கடையாவது தள்ளி ஒட்டுங்கள். உலோகம் அருகில் இருந்தால் ஆன்டெனாவின் காது மந்தமாகிவிடும். பிற்பாடு முன்கண்ணாடியில் கேமரா பொருத்தும் எண்ணம் இருந்தால் அதற்கும் இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

ஏற்காட்டுக்காரர் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மார்கழிக் காலையில் மலையிலிருந்து இறங்கிய கார் ஒன்று என் கடை முன் நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த வண்டியின் கண்ணாடியில் உள்ளே பனி ஆவி இன்னும் காயவில்லை. முந்தின நாள் மாலை வீட்டு முற்றத்தில் ஒட்டிய சீட்டு, ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு காய்ந்த வாழைச்சருகு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. உரிமையாளர் அதை மறுபடி அழுத்தி ஒட்டச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்: வெள்ளிக் கோடுகளில் ஒன்று, வெட்டுத் தழும்பு இருந்த இடத்தில் அறுந்து விலகியிருந்தது. ஒரு வண்டியிலிருந்து பிய்த்து இன்னொரு வண்டியில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சீட்டில் வேண்டுமென்று அப்படி வெட்டுகள் வைத்திருப்பார்கள். ஒருமுறை உரிந்தால் அது இறந்த சீட்டு. பசை மேல் செல்லோ டேப் போட்டும் பயனில்லை. அதே வங்கியில் மாற்றுச் சீட்டுதான் வாங்க வேண்டும்.

ஆகவே மலையில் ஒட்டாதீர்கள். காரை மதியத்தில் சேலத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டுங்கள். தொட்டால் சுடும் அளவு வெயிலில் நின்ற கண்ணாடியும் ஆகாது. நிழலில் கால் மணி நேரம் நிறுத்தினால் போதும். முதலில் ஈரத்துணி, பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நனைத்த பஞ்சு, கடைசியில் உலர்ந்த பருத்தித்துணி என்று மூன்று முறை துடையுங்கள். கண்ணாடிக்குப் பளபளப்பு ஏற்றும் திரவங்களைத் தொடாதீர்கள், அவை மெழுகு போன்ற படலத்தை விட்டுப்போகும். பின்தாளைப் பாதி உரித்து, ஒரு விளிம்பை நிலைநிறுத்தி, மீதியை உரித்துக்கொண்டே நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவி விடுங்கள். மடக்கவோ, ஓரத்தை வெட்டவோ, லேமினேஷன் செய்யவோ வேண்டாம். அன்று முழுவதும் கண்ணாடிப் பக்கம் ஏ.சி. காற்றைத் திருப்பாமல் இருந்தால் பசை நன்றாக இறுகும்.

உங்கள் கார் எந்த மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி சில கார்களில் வருகிறது. அந்தப் பூச்சு வெயிலை மட்டுமல்ல, வானொலி அலையையும் திருப்பி அனுப்பிவிடும். அவற்றில் ஆடிக்குப் பின்னால் பூச்சில்லாத ஒரு சிறு சதுரம் விட்டிருப்பார்கள்; சீட்டு அங்கேதான் இருக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் அதைக் குறித்திருப்பார்கள். முந்தைய உரிமையாளர் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் அதே சிக்கல் வரலாம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது ஊகமாகிவிடும். பழைய சீட்டைச் சுரண்டி எடுக்க மறந்துவிடாதீர்கள். இரண்டு சீட்டுகள் ஒரே கண்ணாடியில் இருந்தால் கருவி எதைப் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டு பாஸ் பற்றிய கேள்விக்கு உங்கள் பயணக் கணக்குதான் விடை சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அது அறிமுகமானது. சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்; 200 பயணம் அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. இங்கே ‘பயணம்’ என்பது ஊரிலிருந்து ஊர் வரை அல்ல, நம் பக்கத்துச் சாலைகளில் ஒரு சாவடியைக் கடந்தால் ஒன்று. திரும்பி வரும்போது கடந்தால் அது இன்னொன்று. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வழியாக வந்தாலும் குப்பனூர் வழியாக வந்தாலும் சேலம் வரை சாவடியே கிடையாது. ஆகவே அன்றாடம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோவது கணக்கில் வராது. கோவைக்குப் போனால் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என மூன்று. போக வர ஆறு. உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போனால் மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என ஆறு. போக வரப் பன்னிரண்டு. அந்த ஆத்தூர் நம் சேலம் மாவட்டத்து ஆத்தூர் அல்ல, திண்டிவனத்தைத் தாண்டி வருவது.

ஒரு சாவடிக்குச் சராசரியாக 75 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிமுக விலையான 3,000 ரூபாயை 75 ஆல் வகுத்தால் 40. சென்னைக்கு மூன்று முறையும் கோவைக்கு ஒரு முறையும் போய் வந்தால் 42 கடப்புகள்; அந்த இடத்தில் பாஸ் கட்டுப்படியாகத் தொடங்கும். இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. பாஸ் இல்லாதவர்களுக்கு, 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால் இரண்டு கட்டணத்துக்குப் பதில் ஒன்றரைக் கட்டணம்தான். ஃபாஸ்டேக்கில் அது தானாகவே கணக்கிடப்படும். அன்றன்றே திரும்பும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாஸ் கட்டுப்படியாவது இன்னும் தள்ளிப்போகும். வருடத்துக்கு நான்கைந்து முறை என்று சொல்லியிருக்கிறீர்கள். அவை எல்லாம் சென்னை என்றால் எடுங்கள். ஈரோடு, நாமக்கல் என்றால் வேண்டாம். உண்மையான கட்டணம் சாவடிகளின் பலகையில் இருக்கும், அது ஆண்டுதோறும் மாறும்; பாஸின் விலையும் மாறக்கூடியதே, எடுக்கும் நாளில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க் யாத்ரா செயலியில் காட்டுவதுதான் சரி. வேறு எந்த இணையதளத்திலும் பாஸுக்குப் பணம் கட்டாதீர்கள், ஆணையத்தின் தளம் ஒன்றைத் தவிர. பாஸ் எடுத்தாலும் சாதாரண இருப்பைக் காலியாக விடக் கூடாது. மாநில அரசின் கையில் உள்ள சாலைகளில் பாஸ் செல்லாது, அங்கே வழக்கம்போல் இருப்பிலிருந்துதான் கழியும். பாஸை இன்னொரு காருக்கு மாற்றவும் முடியாது.

நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் வரப்போகும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு செல்லாமல் போனால் என்ன ஆகும்? 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த விதிப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாத வண்டி ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அதாவது 100 ரூபாய்ச் சாவடியில் 200 அல்லது 125. யுபிஐ வழியைக் கேட்டு வாங்குங்கள். இருப்பு குறைந்து சீட்டு முடக்கப்பட்டிருந்தால், வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்வதை நம்ப வேண்டாம். கருவி படிப்பதற்கு 60 நிமிடம் முன்பிருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரை முடக்க நிலையிலேயே இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்ற விதி 2025 பிப்ரவரி 17 முதல் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் சீட்டின் நிலை உடனுக்குடன் தெரிவதால் பாதிப்பில்லை என்று ஆணையம் விளக்கம் தந்தது உண்மைதான். ஆனால் மாநிலச் சாலைகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் பார்த்துவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம். மலைப்பாதையில் கைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டு சரியாக இருந்து, போதிய இருப்பும் இருந்து, சாவடியின் கருவிதான் பழுது என்றால் கட்டணமின்றி விட வேண்டும், அதற்குப் பூஜ்ய ரசீதும் தர வேண்டும் என்பது 2018 முதல் இருக்கும் விதி. விதி உறுதியானது, நடைமுறை அவ்வளவு உறுதியல்ல. கையடக்கக் கருவியால் படிப்பார்கள், அல்லது வண்டி எண்ணைத் தட்டச்சு செய்து பார்ப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நாமும் பதறிப் பணத்தை நீட்டிவிடுவோம். செயலியில் சீட்டின் நிலையும் இருப்பும் தெரியும் பக்கத்தைத் திறந்து காட்டிப் பொறுமையாகக் கேளுங்கள். கட்டியே ஆக வேண்டியிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தி 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சந்தேகமான கழிவுகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் சீட்டு வழங்கிய வங்கி.

கார் வீட்டில் நிற்கும்போதே பணம் கழிந்தது என்று ஓடிவருபவர்கள் பலர். பாதிக்கு மேற்பட்டவர்களின் அறிக்கையைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் உண்மையாகவே கடந்த சாவடியின் தொகை தாமதமாக வந்திருக்கும். குறுஞ்செய்தி வந்த நேரத்தைப் பார்க்காமல், கருவி படித்த நேரம் என்று அறிக்கையில் இருப்பதைப் பாருங்கள். மீதிப் பேருக்கு உண்மையாகவே தவறு நடந்திருந்தது, வேறு வண்டியின் எண்ணைக் கையால் அடிக்கும்போது ஓர் எண் பிசகி இவருக்கு விழுந்திருந்தது. அவர்களுக்கு வங்கி வழியாகப் பணம் திரும்பியது. உங்கள் கார் அந்த நேரத்தில் வேறெங்கோ நின்றதற்கான ஆதாரம், ஒரு பெட்ரோல் ரசீதாக இருந்தாலும், பெரிதும் உதவும். சிக்னலில் கண்ணாடி துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் பணத்தை உறிஞ்சுகிறான் என்று 2022இல் சுற்றிய காணொளியை மட்டும் நம்பாதீர்கள். அனுமதி பெற்ற சாவடிகள், வாகன நிறுத்துமிடங்கள் போன்றவற்றின் கணினியிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டுமே வங்கி பணம் தரும். தனி மனிதர் இன்னொருவரின் சீட்டிலிருந்து எடுக்க அதில் வழியே இல்லை. கண்ணுக்குத் தெரியாத திருடனைவிட, வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டு அழைப்பவர்தான் ஆபத்தானவர்.

புதிய சீட்டோடு முதல் பயணத்தைச் சென்னைக்கு வைத்துக்கொள்ளாமல், சங்ககிரிப் பக்கம் ஏதாவது வேலை இருக்கும் நாளில் வைகுந்தம் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு மெதுவாகச் செல்லுங்கள். குறுக்குக்கட்டை எழுந்ததும் சற்றுத் தள்ளி ஓரமாக நிறுத்தி, குறுஞ்செய்தியில் மூன்றைப் பாருங்கள்: வண்டி எண், சாவடியின் பெயர், காருக்குரிய தொகை. மூன்றும் சரியாக இருந்தால் சீட்டு நன்றாக அமைந்துவிட்டது. தொகை பலகையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது; அன்றைக்கே வங்கிக்குப் போங்கள். குறுக்குக்கட்டை எழவே இல்லை என்றால், கண்ணாடியை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் படமெடுத்து, காரின் மாடலையும் குறிப்பிட்டு இங்கேயே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.